பாதியில் இருக்கிறேன்

கோவில்பட்டி கிளை நூலகத்தில் அலமாரிகளைத் துழாவுகிறவர்கள் புது உறுப்பினர்களாகத்தான் இருப்பார்கள். பழகிய ஆட்கள் உள்ளே நுழைந்ததும் நேரே நூலகரின் மேஜைக்குப் போவோம். அன்றைக்குத் திரும்பி வந்த புத்தகங்கள் அடுக்கப்படாமல் அங்கே கிடக்கும். அதைக் கிளறத்தான் அத்தனை போட்டி. ஊரில் யாரோ ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்து திருப்பியிருக்கிறார் என்பதே எங்களுக்குப் போதுமான சிபாரிசு. பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தேதித்தாளைப் பார்ப்போம். முத்திரைகள் நெருக்கி விழுந்திருந்தால் புத்தகத்தைக் கையைவிட்டு இறக்க மாட்டோம். இரண்டு முத்திரைகளுக்கு நடுவே மூன்று வருஷம் காலியாகக் கிடந்தால் சத்தமில்லாமல் வைத்துவிடுவோம். அந்த மூன்று வருஷ இடைவெளிகளில்தான் மௌனியும் நகுலனும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அடுக்கத்தான் விடுங்களேம்ப்பா" என்று நூலகர் ஆரம்பத்தில் சலித்துக்கொள்வார். கொஞ்ச நாளில் அவரே அடுக்குவதை நிறுத்திவிட்டார். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பவை அவற்றில் இரண்டு. சென்னை மாகாணத்துக்கு 1948இல் பொது நூலகச் சட்டம் வந்ததற்குப் பின்னாலும் அவர் இருந்தார். அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில்தான் இன்றைக்கும் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம். வாசகரையும் புத்தகத்தையும் சேர்த்துவைக்கிற தரகு வேலையை எங்கள் ஊரில் பார்த்தது என்னவோ அந்த அடுக்காத மேஜைதான்.

மேஜையில் கிடக்கும் புத்தகத்துக்குள் முன்னால் படித்தவர்களின் பேச்சும் இருக்கும். பால்பாயிண்ட் பேனாவில், பெரும்பாலும் சிவப்பில். "கதாநாயகிக்குப் புத்தி இல்லை" என்று ஒருவர் எழுதியிருப்பார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், "உனக்கு இருக்கிறதா?" துப்பறியும் நாவலென்றால் ஏழாவது பக்கத்திலேயே கொலைகாரனின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டு, "இவன்தான்" என்று எழுதிவைக்கிற ஒரு மகாபாவி எங்கள் ஊரில் இருந்தான். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் முந்நூறு பக்கம் அலைந்து கண்டுபிடித்ததை அவன் ஒரு வட்டத்தில் முடித்துவிடுவான். கடைசிவரை அவன் யாரென்று தெரியவில்லை. எனக்கு ஒரு பேங்க் கேஷியர்மேல் சந்தேகம்.

படித்து முடித்தவர்களைப் பற்றி எனக்கு அப்போதே ஒரு குறை உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அத்தை சாத்தூரில் இருந்தாள். அவளிடம் காலிகோ பைண்டு போட்ட பொன்னியின் செல்வன் இருந்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்ததை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, மணியம் வரைந்த படங்களோடு ஊசிநூல் கோத்துக் கட்டியது. தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் பாதி நகைச்சுவைத் துணுக்கும் முழு அமிர்தாஞ்சன் விளம்பரமும் இருக்கும். அந்தப் புத்தகம் தெருவில் சும்மா கிடந்து நான் பார்த்ததில்லை. ஒருத்தி வீட்டில் முதல் பாகம், இன்னொருத்தி வீட்டில் மூன்றாம் பாகம். குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போது, "நீ எதுவரைக்கும் வந்திருக்க மதினி?" என்று கேட்டுக்கொள்வார்கள். பின்னால் வருகிறவளுக்கு முன்னால் போகிறவள் எதையும் சொல்லிவிடக் கூடாது. அது எழுதாத சட்டம். ஒருமுறை யாரோ வாய் தவறி நந்தினியைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட, இரண்டு வீட்டுக்கும் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

அப்படிக் கைமாறிக் கைமாறி இரண்டாம் பாகத்தில் சில தாள்கள் தொலைந்துபோயின. கடலில் சுழற்காற்று அடிக்கிற இடம். பூங்குழலி படகோடு போகிற இடம். லீவில் போயிருந்த நான் படித்துக்கொண்டே வந்து அந்தப் பள்ளத்தில் விழுந்தேன். அத்தை உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். "அதுவா, நான் சொல்லுதேன் கேளு" என்று குழவியை நிறுத்தாமலே ஆரம்பித்தாள். அவள் கடலைப் பார்த்தது திருச்செந்தூரில் மட்டும்தான். அதனால் பூங்குழலியின் கடலுக்குப் பின்னால் ஒரு கோபுரம் வந்துவிட்டது. அலை ஒவ்வொன்றும் கோபுரத்தில் பாதி. வந்தியத்தேவன் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இம்புட்டு உப்பா!" என்று காறித் துப்பினான். மாவு வழியும் கையாலேயே துடுப்பு போட்டுக் காட்டினாள். ஆட்டுரலில் அரைபட்டுக்கொண்டிருந்த உளுந்துக்கும் அந்தக் கடலுக்கும் ஒரே சத்தம். பிற்பாடு வானதி பதிப்பில் அந்த அத்தியாயத்தை முழுசாகப் படித்தேன். கல்கி நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். அத்தை சொன்னதுதான் மேல்.

எனக்கு முதல் வேலை ஒரு தீப்பெட்டி ஆபீஸில், கணக்கெழுதுவது. எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். நீளக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டைகளில் குச்சி அடுக்குவார்கள். அதன் பிறகுதான் அது மருந்து முக்கப் போகும். எத்தனை கட்டை அடுக்கினார்களோ அத்தனைக்குக் கூலி. விரல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வாயும் காதும் சும்மா இருக்கும். 'ராணி' வருகிற நாளில், எட்டாம் வகுப்புவரை படித்த ஒரு பெண்ணை நடுவில் உட்காரவைத்துத் தொடர்கதையைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள். படிக்கிற நேரத்துக்கு அவளுக்குக் கூலி போய்விடுமே? மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக அவள் பேரில் கட்டை அடுக்கிவிடுவார்கள். கணக்கு என்னிடம்தான் வரும். அவள் வாய் ஓயாமல் படித்த நாளில்தான் அவள் பேரில் அதிகக் கட்டை விழுந்திருக்கும். நான் ஒன்றும் கேட்டதில்லை. முதலாளியும் கேட்டதில்லை, கதை ஓடுகிற நேரத்தில் யாரும் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

'தொடரும்' என்று அவள் முடித்ததும் கொட்டகையில் சண்டை ஆரம்பமாகும். அடுத்த வாரம் என்ன ஆகும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். "அந்த மாமியாக்காரி விசம் வைப்பா பாரு" என்பாள் ஒருத்தி. "வைக்கமாட்டா. அவளுக்கும் ஒரு மக இருக்காள்ல்ல" என்பாள் பாட்டி வயதுள்ள இன்னொருத்தி. இந்த இரண்டாவது வாதத்தில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று ரொம்ப நாளைக்குப் பிறகும் யோசித்திருக்கிறேன். அந்தப் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சனிக்கிழமை கூலி வாங்கும்போது பெருவிரலை உருட்டிவிட்டுப் போவாள்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை மட்டம் தட்டுவது இலக்கியம் தெரிந்தவர்களுக்குப் பழக்கம். தரத்தைப் பற்றி அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் ஒன்றை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. தொடர்கதையில் ஊர் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். 'என் இனிய இயந்திரா' விகடனில் வந்தபோது ஜீனோ என்கிற அந்த இயந்திர நாய்க்கு என்ன ஆகும் என்று சலூன்காரருக்கும் தெரியாது, தாசில்தாருக்கும் தெரியாது. எல்லோரும் பாதியில் இருந்தார்கள். கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது எங்கள் ஊரில் வேறு மாதிரிக் கூத்து. இடைசெவல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். "அவரு எழுதியிருக்கது எங்க பெரியப்பாவைத்தான்" என்று உரிமை கொண்டாட நாலு பேர் வந்துவிடுவார்கள்.

சாயங்காலம் மில் சங்கு ஊதி, கடைகளில் விளக்குப் போட்ட பிறகு காந்தி மைதானத்துக்குப் போவோம். அந்த மைதானத்துக்கு இப்போது இலக்கிய வரலாற்றில் இடம் கிடைத்துவிட்டது. தேவதச்சன், ச. தமிழ்ச்செல்வன், கோணங்கி, உதயசங்கர் என்று அங்கே இரவு இரவாகப் பேசியவர்களின் பெயர்கள் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். நாங்கள் உட்கார்ந்தது இன்னொரு மூலை. எங்கள் மூலையிலிருந்து யாரும் எழுதப் புறப்படவில்லை. ஒரு கணக்கு வாத்தியார், தபாலாபீஸில் சார்ட்டிங் பார்க்கிற ஒருவர், கடலைமிட்டாய்க் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, நான். அந்த பேங்க் கேஷியரும் சில நாள் வருவார்; அவர் வந்தால் பேச்சை மாற்றிவிடுவோம்.

வந்து உட்கார்ந்ததும் கணக்கு சார் கேட்கிற முதல் கேள்வி, "என்ன தம்பி, இப்ப என்ன ஓடுது?" தியேட்டரில் படம் ஓடுவதைக் கேட்கிற மாதிரிதான் கேட்பார். முடித்த புத்தகத்தைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "அது கெடக்கட்டும், கையில என்ன இருக்கு?" என்பார்.

நேஷனல் புக் டிரஸ்ட் அந்தக் காலத்தில் மற்ற மொழி நாவல்களைத் தமிழில் கொண்டுவந்து மலிவு விலைக்கு விற்றது. அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி'யை சு. கிருஷ்ணமூர்த்தி வங்காளியிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தார். கணக்கு சாரிடம் அது ஒரு கோடை முழுக்க ஓடியது. கோவில்பட்டிக் கோடை எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இது புரியும். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தோம். கரிசல் மண் வாய் பிளந்து கிடந்தது. அந்த மைதானத்துப் புழுதியில் உட்கார்ந்துகொண்டு அவர் கிழக்கு வங்காளத்தின் ஆறுகளைப் பற்றிச் சொன்னார்.

"ஈசம்னு ஒருத்தன் தம்பி. ஆத்து மணல்லயே தர்ப்பூசணி போட்டு ராத்திரியெல்லாம் காவக் காக்கான். சுத்தி தண்ணி. எங்க திரும்பினாலும் தண்ணி. மழைக்காலம் வந்துட்டா பக்கத்து வீட்டுக்குப் போகணும்னாலும் படகுதான்."

"பக்கத்து வீட்டுக்கா?" என்றார் கடலைமிட்டாய் அண்ணாச்சி.

"ஆமாங்கேன்."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கொடுத்து வச்ச பயலுக" என்றார்.

அடுத்தடுத்த நாட்களில் அண்ணாச்சி கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்தார். "ஆறு என்னாச்சு?" என்று கேட்பார். கதை என்னாச்சு என்று கேட்க மாட்டார். சார் நாலைந்து பக்கம்தான் நகர்ந்திருப்பார். நாவலில் ஒரு பெரியவர் வருவார், சித்தம் கலைந்தவர், தன்பாட்டுக்கு வயல்வெளியில் சுற்றுகிறவர். அவரைப் பற்றிச் சொல்லும்போது சாரின் குரல் இறங்கிவிடும். இந்துக்களும் முஸ்லிம்களுமாக வாழ்கிற அந்தக் கிராமங்களை நோக்கிப் பிரிவினை வந்துகொண்டிருப்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நாவலில் இருப்பவர்களுக்குத் தெரியாது. "இவங்கள என்ன பண்ணப்போறானோ தெரியலையே" என்று எழுதியவனைத் திட்டிக்கொண்டே எழுந்துபோவார்.

ஒருநாள் முடித்துவிட்டார். எப்படி இருந்தது என்று கேட்டோம். "நல்லாருக்கு. நல்ல நாவல்" என்றார். அவ்வளவுதான். கோடை முழுக்க எங்களை ஆற்றுக்குள் வைத்திருந்த மனுஷனுக்குக் கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும் இரண்டு வார்த்தைதான் மிஞ்சியது.

நான் சொல்லவந்த குறை இதுதான். முடித்தவரிடம் கேட்டால் தீர்ப்புதான் கிடைக்கும். பாதியில் இருப்பவரிடம் கேட்டால் புத்தகமே கிடைக்கும். அவருக்குக் கவலை இருக்கும், கோபம் இருக்கும், யார்மீதாவது சந்தேகம் இருக்கும். எது முக்கியம் எது முக்கியமில்லை என்று தெரியாததால் எல்லாவற்றையும் சொல்வார். மதிப்புரை எழுதுகிறவர்கள் எல்லோரும் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது நியாயம்தான். (படிக்காமலே எழுதுகிறவர்கள் தனி ஜாதி.) ஆனால் என்னைக் கடைக்கு ஓடவைத்த மதிப்புரைகள் ரொம்பக் குறைவு. ஓடவைத்தவர்கள் எல்லாம் நடுவழியில் நின்றவர்கள்.

சார் முடித்ததும் புத்தகம் தபாலாபீஸ்காரருக்குப் போனது. அவருக்குப் பிறகு எனக்கு. அண்ணாச்சி மட்டும் கடைசிவரை வாங்கிப் படிக்கவில்லை. "நான்தான் கேட்டுட்டனே" என்றார்.

நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வேன் ஊருக்குள் வந்து நிற்கும்போது மாஸ்கோவில் அச்சான புத்தகங்கள் கிடைக்கும். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், டீக்காசை மிச்சம் பிடித்தால் வாங்கிவிடக்கூடிய விலை. ஐத்மாத்தவின் 'ஜமீலா' எனக்கு அப்படித்தான் வந்தது. சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். மைதானத்தில் சொல்வதற்கு வேண்டும் என்றே இழுத்து இழுத்துப் படித்தேன். ஸ்தெப்பி வெளியில் தானிய வண்டிகளுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே தானியார் பாடுகிற இடத்தைச் சொன்னபோது தபாலாபீஸ்காரர் குறுக்கிட்டு, "அந்தப் பிள்ளை இவன்கூடப் போயிருமே?" என்றார். "தெரியலை, இன்னும் வரலை" என்றேன்.

அவரைச் சொன்னதும் கார்டுகள் ஞாபகம் வருகிறது. அவருக்கு மதுரைக்கு மாற்றலானது. அப்போது 15 காசுக் கார்டு. நலம், நலமறிய ஆவல் என்பதெல்லாம் கிடையாது. "அம்மா வந்தாள். பாதி. அலங்காரத்தம்மாளை என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நீர் என்ன படிக்கிறீர்?" என்று மூன்று வரி. என் பதிலிலும் மூன்று வரிதான். எங்கள் வட்டாரத்துக்கு இது புதிதல்ல. இடைசெவலில் ஒன்றாக வளர்ந்த கு. அழகிரிசாமி, வெளியூர்களிலிருந்து கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு புத்தகமாகவே வந்தன. கம்பனும் சங்கீதமும் அப்போது படித்துக்கொண்டிருந்ததும் அவற்றில் இருக்கும். இரண்டு பேருமே பெரிய எழுத்தாளர்கள் என்பதால் நாம் அவற்றை இலக்கியக் கடிதம் என்கிறோம். எனக்கென்னவோ எங்கள் கார்டுகளின் மூத்த உடன்பிறப்புகளாகத்தான் தெரிகின்றன.

பிறகு சென்னை. அங்கே எனக்கு மைதானமும் இல்லை, மூலையும் இல்லை. மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து பார்க் ஸ்டேஷன்வரை எதிரே உட்காருகிறவரின் அட்டையைத் தலைசாய்த்துப் படித்துக்கொள்வதோடு சரி. கணையாழியின் கடைசிப் பக்கத்தில் சுஜாதா தான் படித்ததைச் சொல்லிக்கொண்டே போவார். அது கொஞ்சம் மைதானத்துப் பேச்சு மாதிரி இருந்தது. நடுவில் ஒரு ராக்கெட், ஒரு புதுக்கவிதை, ஒரு சண்டை.

புத்தகக் காட்சிக்கு வருஷம் தவறாமல் போகிறேன். 1977இல் அண்ணா சாலையில் மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் தொடங்கியபோது நான் சென்னையில் இல்லை. காயிதே மில்லத் கல்லூரி வளாகத்தில் நடந்த காலத்திலிருந்துதான் எனக்குப் பழக்கம். இப்போது நந்தனத்தில். பொங்கல் சமயம் வாங்கிய புத்தகங்களை அடுக்கிவைத்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அடுக்கில் எது ஓடுகிறது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

எங்கள் குடியிருப்பின் வாசலில் இரவுக் காவலுக்கு இருக்கிறவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். பேச்சிலேயே தெரிந்துவிட்டது. 2019இல் 'அசுரன்' பார்த்துவிட்டு, இது பூமணி என்பவர் எழுதிய 'வெக்கை'யாம் என்று யாரோ சொல்ல, நடைபாதைக் கடையில் தேடி வாங்கியிருக்கிறார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவர் படிக்கிற முதல் புத்தகம். பேரேட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, கேட்டைத் திறந்துவிடுகிற நேரம் போக, இரவில் படிக்கிறார். எங்கே நிறுத்தினோம் என்பதற்கு அடையாளமாகப் பால்காரரின் ரசீதைச் செருகி வைத்திருக்கிறார்.

எனக்கு நடுநிசியில் ஒரு நடை நடக்கிற பழக்கம். போகும்போது கேட்பேன். அப்பனும் மகனும் ஒளிந்து திரிகிற காடு தனக்குத் தெரிந்த காடு என்கிறார். அவர்கள் பறித்துத் தின்கிற காயெல்லாம் அவரும் தின்றிருக்கிறார். கல்லைக் கூட்டிச் சோறு பொங்குகிற இடத்தை இரண்டு முறை படித்தாராம். "இப்படித்தான் சார், இதே மாதிரிதான். பனையோலைய மடக்கி அதுல ஊத்திக் குடிப்போம்" என்று கையைக் குவித்துக் காட்டினார். அந்தப் பையன் செலம்பரத்தின்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். படத்தில் அப்பாவுக்குத்தான் எல்லாம், புத்தகத்தில் பையனுக்குத்தான் எல்லாம் என்று அவராகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். பூமணியைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றில் இல்லாத கவனிப்பு இது.

போன வாரம் ரசீது பாதியைத் தாண்டியிருந்தது. ஆனால் முகத்தில் ஏதோ குறை.

"என்னண்ணே, பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன சார். ஒண்ணுதான் புரியல. பாதிக்கு மேல வந்துட்டேன்..." புத்தகத்தைப் புரட்டி, மீதி எவ்வளவு இருக்கிறது என்று கட்டைவிரலால் அளந்து பார்த்தார். "ஃப்ளாஷ்பேக் எப்ப சார் வரும்?"

அந்த ஃப்ளாஷ்பேக் படத்துக்காக எழுதியது, நாவலில் அது கிடையாது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"படிங்க" என்றேன்.